அன்புள்ள மோசடிக்காரருக்கு...

அரசாங்கக் கடிதங்களில் இரண்டு தினுசு உண்டு. கைக்கு வந்ததும் பரபரவென்று பிரிக்கத் தோன்றுவது ஒன்று. பிரிக்காமலேயே பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி டீ குடிக்கப் போய்விடலாமா என்று தோன்றுவது இன்னொன்று. இரண்டாவது தினுசுக் கவர் எப்போதும் மெல்லிசாகத்தான் இருக்கும். கெட்ட செய்தி சொல்ல நிறையப் பக்கங்கள் தேவைப்படுவதில்லை.

இந்த இரண்டாவது தினுசில் ராஜா யார் தெரியுமா? 'நீ வேலையில்லாமல் இருந்தபோது உனக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடு' என்று வரும் கடிதம். அமெரிக்காவில் இதற்கு 'ஓவர்பேமென்ட் நோட்டீஸ்' என்று பெயர். 2021 அக்டோபரில் எனக்கு ஒன்று வந்தது. எந்த மாநிலம் என்று கேட்காதீர்கள். ஐம்பதில் ஒன்று.

அமெரிக்கா பக்கமே போக உத்தேசம் இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். ஏனென்றால் இந்த விவகாரத்தில் எனக்குக் கை கொடுத்தது அமெரிக்க மூளை இல்லை. தமிழ்நாடு அரசுக் கருவூலத்தில் முப்பத்துமூன்று வருஷம் ஃபைல் பார்த்த மூளை. என் அப்பா.

முதலில் அந்தப் பணம் என்ன பணம் என்று சொல்லிவிடுகிறேன். பல பேர் அதை இலவச வேட்டி-சேலை மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. அது இன்ஷூரன்ஸ். நாம் வேலை பார்க்கும்போது நம் பேரைச் சொல்லி முதலாளி அரசாங்கத்துக்கு ஒரு வரி கட்டுகிறார். வேலை போனால் அந்த நிதியிலிருந்து வாராவாரம் ஒரு தொகை வரும். விஸ்கான்சின் மாநிலம் 1932-ல் முதலில் சட்டம் போட்டது. 1935-ல் வந்த சோஷியல் செக்யூரிட்டி சட்டம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. பெரும்பாலான மாநிலங்களில் 26 வாரம் வரை கிடைக்கும்.

நம்மூரில் பட்டதாரி ஒருவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, ஐந்து வருஷம் காத்திருந்தும் வேலை கிடைக்கவில்லை என்றால் மாதம் 600 ரூபாய் உதவித்தொகை. அது வேலையே கிடைக்காதவருக்கு. அமெரிக்காவில் கொடுப்பது இருந்த வேலை போனவருக்கு. ஒரே பெயர் மாதிரித் தெரிந்தாலும் இரண்டும் வேறு வேறு.

சும்மாவும் கொடுத்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு வாரமும் கேள்வித்தாள் உண்டு. 'போன வாரம் வேலை செய்ய உடம்பு தெம்பாக இருந்ததா? வேலை தேடினாயா? வேலை கொடுத்தால் போகத் தயாரா? ஏதாவது சம்பாதித்தாயா?' என்று நாலைந்து கேள்வி. கடைசிக் கேள்வியில்தான் சூட்சுமம். சம்பளம் கைக்கு வந்த வாரத்தை அது கேட்கவில்லை. நீ உழைத்த வாரத்தைக் கேட்கிறது. பிடித்தம் போக வந்த தொகையைக் கேட்கவில்லை. பிடித்தத்துக்கு முந்தைய மொத்தத் தொகையைக் கேட்கிறது. இந்த இரண்டு வித்தியாசத்தில் மாட்டிக்கொண்டவர்கள் எண்ணிக்கைக்கு அடங்காது.

இன்னொன்று, எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு இது பொதுவாகக் கிடைக்காது. வேலை போனால், வேறு எந்த முதலாளியிடமும் உடனே போய் உட்காரும் உரிமை அவர்களுக்கு இல்லை அல்லவா? 'வேலைக்குத் தயார்' என்ற நிபந்தனையில் அடிபட்டுப் போவார்கள். என்னிடம் கிரீன் கார்டு இருந்தது. தப்பித்தேன். தப்பித்தேன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

2020 ஏப்ரல் 17, வெள்ளிக்கிழமை. கொரோனா. கம்பெனி எங்களில் பாதிப் பேரை வீடியோவில் கூப்பிட்டு, கண் கலங்க, 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்று சொல்லி அனுப்பிவிட்டது. குடும்பத்தில் பாதியை வெள்ளிக்கிழமை சாயந்திரம் வெளியே அனுப்புவது எந்த ஊர் வழக்கமோ தெரியவில்லை.

திங்கட்கிழமை விண்ணப்பம் போட்டேன். அதில் 'கம்பெனியிலிருந்து ஏதாவது வர வேண்டியிருக்கிறதா' என்று ஒரு கட்டம். 'இருக்கிறது. எடுக்காத விடுமுறை பத்தொன்பதரை நாளுக்கான சம்பளம் மே மாதம் வரும்' என்று எழுதினேன். எங்கள் மாநில விதிப்படி, வேலையை விட்டு அனுப்பும்போது மொத்தமாகக் கொடுக்கிற விடுப்புச் சம்பளத்தை உதவித்தொகையில் கழிக்கக் கூடாது. (சில மாநிலங்களில் கழிப்பார்கள். அங்கே இருப்பவர்கள் அந்த ஊர் விதியைப் பார்த்துக்கொள்ளவும்.)

வாரம் 430 டாலர் மாநிலம் கொடுத்தது. அந்த வருஷம் ஜூலைக் கடைசி வரை மத்திய அரசு வாரத்துக்கு 600 டாலர் கூடுதலாகக் கொடுத்தது. மொத்தம் 1,030. வாடகை, மளிகை, பெண்ணின் பால் டப்பா எல்லாம் அதில் ஓடின. பதினாலு வாரம். ஜூலை 27-ம் தேதி வேறு வேலை கிடைத்தது. அன்றோடு கேள்வித்தாளை நிறுத்தினேன். கதை முடிந்தது என்று நினைத்தேன்.

பதினைந்து மாசம் கழித்து, வீடு மாறி, பழைய விலாசத்துக்குப் போய், தபால்காரர் தயவில் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்தது அந்த மெல்லிசு கவர்.

ஒரே ஒரு பக்கம். சாரம் இதுதான். ஏப்ரல்-ஜூன் காலாண்டில் நீ வாராவாரம் ஆயிரம் டாலர் சம்பாதித்திருக்கிறாய். எங்களிடம் பூஜ்யம் என்று சொல்லியிருக்கிறாய். ஆகவே பத்து வாரத்துக்கு வாங்கிய 10,300 டாலரைத் திருப்பிக் கொடு. இது மோசடி என்று தீர்மானிக்கப்பட்டது. மோசடிக்கு அபராதம் 15 சதவிகிதம், 1,545 டாலர். ஆக மொத்தம் 11,845.

நம்மூர்க் கணக்கில் கிட்டத்தட்ட ஒன்பது லட்சம் ரூபாய்!

பணம் பெரிய விஷயம்தான். ஆனால் எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி மாட்டிக்கொண்டது அந்த ஒரு வார்த்தை. மோசடி. பாருங்கள், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கத் தயாராகிக்கொண்டிருந்த நேரம். அந்த விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. 'எப்போதாவது எந்த அமெரிக்க அரசு அதிகாரியிடமாவது பொய்யான தகவல் கொடுத்திருக்கிறீர்களா?' உதவித்தொகை வாங்கியதால் குடியுரிமைக்கு ஒரு பாதகமும் இல்லை. அது இன்ஷூரன்ஸ், தர்மம் இல்லை. ஆனால் 'மோசடி' என்று ஒரு முத்திரை விழுந்துவிட்டால்? பத்து வருஷ வாழ்க்கை ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

ராத்திரி பதினோரு மணி. மதுரையில் காலை. அப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அம்மா பின்னாலிருந்து, "கவர்ன்மென்ட்டையே ஏமாத்திட்டான்னு சொல்றாங்களா? போலீஸ் வருமா?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

அப்பா பதறவில்லை. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டேய், இது செவன்டீன்-ஏ-யா, செவன்டீன்-பி-யா?"

தமிழ்நாடு அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த நம்பர் தாலாட்டிலேயே பரிச்சயம். ஒழுங்கு நடவடிக்கை விதிகளில் 17(ஏ) என்றால் சின்னக் குற்றச்சாட்டு. விளக்கம் கேட்டு, சின்னத் தண்டனையோடு முடித்துவிடுவார்கள். 17(பி) என்றால் விசாரணை அதிகாரி, சாட்சி, விசாரணை, கடைசியில் வேலைக்கே உலை.

"பி மாதிரிதான்ப்பா தெரியுது. ஃப்ராடுன்னு போட்டிருக்கான்."

"விசாரணை நடத்தினானா? உன்னைக் கூப்பிட்டுக் கேட்டானா?"

"இல்லையே."

"கேக்காம எப்படிடா பி போடுவான்? பணம் அதிகமாப் போச்சுங்கறது கணக்கு. ஏமாத்தினான்ங்கறது குற்றச்சாட்டு. ரெண்டும் வேற வேற. ரெண்டையும் ஒரே பேப்பர்ல போட்டா நீ ரெண்டுக்கும் தனித்தனியா பதில் சொல்லு. அது கிடக்கட்டும், கடைசித் தேதி என்ன?"

அப்போதுதான் பார்த்தேன். பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில். கடிதத் தேதியிலிருந்து 20 நாளுக்குள் அப்பீல் செய்ய வேண்டும். கடிதத் தேதி அக்டோபர் 4. என் கைக்கு வந்தது 16. மிச்சம் எட்டு நாள்.

இந்தக் கெடு மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பத்து நாள் கொடுக்கும் இடமும் உண்டு. முப்பது நாள் கொடுக்கும் இடமும் உண்டு. ஆனால் ஒரு விஷயம் பெரும்பாலான இடங்களில் ஒன்று. கெடு தாண்டிவிட்டால், உங்கள் பக்கம் மலை மாதிரி நியாயம் இருந்தாலும், முதலில் 'ஏன் லேட்' என்பதற்கு நல்ல காரணம் காட்ட வேண்டும். அது செல்லாவிட்டால் நியாயத்தைக் கேட்கவே மாட்டார்கள்.

அப்பா சொன்ன நாலு கட்டளையை அப்படியே தருகிறேன். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு காகிதம் ஆதாரமா இணை, இணைப்புக்கு நம்பர் போடு. நகல் எடுத்து வெச்சுக்கோ, ஒப்புகைச் சீட்டு இல்லாம எதையும் அனுப்பாதே. கோபத்தை டீக்கடையில வெச்சுக்கோ, பதில்ல வைக்காதே."

சரி, வாரம் ஆயிரம் டாலர் எங்கிருந்து முளைத்தது? உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஏப்ரல் 1 முதல் 17 வரை உழைத்த 13 நாளுக்கு 5,200 டாலர். மே மாதம் வந்த விடுப்புச் சம்பளம் 7,800. கூட்டினால் 13,000. கம்பெனி இதைக் காலாண்டுக் கணக்கில் 'ஏப்ரல்-ஜூன்: 13,000' என்று ஒரே வரியில் அனுப்பியிருக்கிறது. கம்ப்யூட்டர் என்ன செய்தது? காலாண்டுக்குப் பதின்மூன்று வாரம். 13,000-ஐ 13-ஆல் வகுத்தது. வாரம் ஆயிரம்!

அவ்வளவுதான் ஸார் விஷயம். ஒரு வகுத்தல் கணக்கு. மூணாம் கிளாஸ் பையன் போடுகிற கணக்கு. கணக்கு சரி, அர்த்தம் தப்பு. பொங்கலுக்கு ஒரு நாள் பதினாலு வடை சாப்பிட்டவனைப் பார்த்து, 'ரெண்டு வாரமா தினம் ஒரு வடை சாப்பிட்டிருக்கே, ஆஸ்பத்திரியில் பத்தியம்னு பொய் சொன்னியா?' என்று கேட்கிற மாதிரி.

எனக்கு மட்டும்தான் இந்த அதிர்ஷ்டமோ என்று தேடிப்பார்த்தால், உலகமே இந்த வகுத்தலில் மாட்டியிருக்கிறது.

மிச்சிகன் மாநிலம் 2013 அக்டோபரில் சுமார் 4.7 கோடி டாலர் செலவழித்து ஒரு கம்ப்யூட்டர் திட்டம் கொண்டுவந்தது. பெயர் மைடாஸ். தொட்டதெல்லாம் பொன்னாகும் ராஜாவின் பெயர். இது தொட்டதெல்லாம் மோசடி ஆனது. காலாண்டுச் சம்பளத்தை வாரங்களுக்குப் பரப்பிப் பார்த்து, பொருந்தாவிட்டால் ஆளுக்கு ஒரு கேள்வித்தாள். பத்து நாளில் பதில் வரவில்லையா, மோசடி என்று தானே தீர்ப்பு. கேள்வித்தாளைப் பல பேருக்கு, எப்போதோ வேலை தேடியபோது திறந்து பிறகு எட்டியே பார்க்காத ஆன்லைன் கணக்குக்குள் போட்டார்கள். அங்கே அபராதம் 15 சதவிகிதம் இல்லை, நாலு மடங்கு! மேலே 12 சதவிகித வட்டி. சம்பளத்தில் பிடித்தார்கள், வருமான வரி ரீஃபண்டை மறித்தார்கள். சிலர் மஞ்சள் கடுதாசி கொடுக்கும் நிலைக்கே போனார்கள். 2015 ஆகஸ்டில் தானியங்கித் தீர்ப்பை நிறுத்துவதற்குள் சுமார் 40,000 பேர் 'மோசடிக்காரர்' ஆகியிருந்தார்கள்.

அப்புறம் மனிதர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். கம்ப்யூட்டர் தன்னந்தனியாகத் தீர்ப்பு எழுதிய 22,000-க்கும் மேற்பட்ட வழக்குகளில் 93 சதவிகிதம் தப்பு. நூற்றுக்கு ஏழு மார்க் வாங்கினால் நம்மூரில் பையனை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள். 2017-ல் அபராதத்தைக் குறைத்துச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2022 ஜூலையில், பாதிக்கப்பட்டவர்கள் மாநிலத்திடமே நஷ்டஈடு கேட்கலாம் என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த அக்டோபரில் 2 கோடி டாலருக்கு சமரசம்.

ஆஸ்திரேலியாவில் இதே கூத்து இன்னும் பெரிய அளவில். 2016-லிருந்து, ஒருவருடைய வருஷ வருமானத்தை 26-ஆல் வகுத்து, 'இரண்டு வாரத்துக்கு இவ்வளவு சம்பாதித்தாய்' என்று கடன் நோட்டீஸ். ஆறு மாசம் வேலை, ஆறு மாசம் சும்மா என்று இருந்தவர் கதி என்ன? சும்மா இருந்த காலத்திலும் சம்பாதித்ததாக ஆகிவிடும். ஜனங்கள் அதற்கு 'ரோபோடெட்' என்று பெயர் வைத்தார்கள். 2020 மே மாதம் 4,70,000 கடன்களைத் திருப்பித் தருவதாக அரசு அறிவித்தது. தொகை 72 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல். 2023 ஜூலையில் ராயல் கமிஷன் அறிக்கை, அந்தத் திட்டம் நியாயமும் இல்லை, சட்டப்படியும் இல்லை என்று உரித்துத் தொங்கவிட்டது.

இதைப் படிக்கிற புத்திசாலி வாசகர் ஒருவர், 'அப்படியானால் அரசாங்கம் முன்னாடியே தீர விசாரித்துவிட்டுப் பணம் கொடுக்க வேண்டியதுதானே?' என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பதில் ஒரு வழக்கில் இருக்கிறது. வழக்கின் பெயர் 'ஜாவா'! சாஃப்ட்வேர்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம், இது 1971. ஜூடித் ஜாவா என்ற பெண்மணி கலிபோர்னியாவில் வேலை இழந்தார். உதவித்தொகை தரலாம் என்று அதிகாரி முடிவு செய்தபிறகு, முதலாளி அப்பீல் செய்தார். அப்பீல் முடியும் வரை பணத்தை நிறுத்திவிட்டார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது, நிறுத்தக் கூடாது. வேலை போனவனுக்குப் பணம் வேண்டியது இப்போது. அப்பீல் முடிந்து ஆறு மாசம் கழித்து வந்து என்ன பிரயோஜனம்?

எவ்வளவு நல்ல தீர்ப்பு! ஆனால் அதற்கு ஒரு வால் உண்டு. 'முதலில் கொடு, பிறகு தகராறு பார்' என்றால், தகராறில் முதலாளி ஜெயித்துவிட்டால் கொடுத்ததெல்லாம் 'அதிகப்படி' ஆகிவிடும். வாங்கியவர் ஒரு பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். ஆக, ஓவர்பேமென்ட் என்பது ஏதோ அபூர்வ விபத்து இல்லை. அந்த ஏற்பாட்டோடு கூடப் பிறந்தது. ஆபீஸ் தப்பால் வரலாம், முதலாளி தப்பால் வரலாம், வாங்கியவர் கைத்தவறால் வரலாம். தெரிந்தே பொய் சொல்லி வாங்கினால்தான் அது மோசடி. தெரிந்தே என்ற அந்த வார்த்தைதான் எல்லாம். அதை நிரூபிக்க வேண்டியதும் குற்றம் சாட்டுகிறவர்தான்.

மோசடிக்கு அபராதம் குறைந்தது 15 சதவிகிதம் போட்டே ஆகவேண்டும் என்பது 2011-ல் வந்த மத்தியச் சட்டம்; 2013 அக்டோபரிலிருந்து அமல். மாநிலங்கள் இதற்கு மேலும் போடலாம், இத்தனை வாரம் உதவித்தொகை கிடையாது என்றும் சொல்லலாம். மோசடி இல்லாத அதிகப்படிக்கு இந்த 15 கிடையாது. பல மாநிலங்களில் தள்ளுபடியும் கேட்கலாம். 'என் தப்பு இல்லை, இப்போது வசூலிப்பது நியாயத்துக்கும் மனசாட்சிக்கும் விரோதம்' என்று நிரூபித்தால் விட்டுவிடுவார்கள். மோசடி என்று முத்திரை விழுந்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும்.

இதை அப்பாவிடம் சொன்னபோது சிரித்தார். "இது நம்ம ஊர்லயே இருக்குடா. ரஃபீக் மாசி கேஸ்." நம் உச்ச நீதிமன்றத்தின் 2014 டிசம்பர் தீர்ப்பு அது. ஆபீஸ் தப்பால் அதிகமாகப் போன சம்பளத்தைக் கடைநிலை, குமாஸ்தா நிலை ஊழியர்களிடமும், ஓய்வு பெற்றவர்களிடமும் திருப்பிக் கேட்கக் கூடாது. அதிகப்படி ஐந்து வருஷத்துக்கு மேல் போயிருந்தாலும் கேட்கக் கூடாது. ஆடிட் அப்ஜக்‌ஷன் என்று பென்ஷனில் கை வைக்க வரும்போது, விவரம் தெரிந்த பெரியவர்கள் இந்தப் பெயரைச் சொன்னால் எதிர்க் கவுன்ட்டரில் சற்று நேரம் சத்தமே வராதாம்.

அரசாங்கத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. கொரோனா சமயத்தில் நிஜத் திருடர்கள் புகுந்து விளையாடினார்கள். செத்தவர் பேரிலும் ஜெயிலில் இருப்பவர் பேரிலும் விண்ணப்பம். திருடிய விவரங்களை வைத்துக்கொண்டு கும்பல் கும்பலாக வசூல். மோசடியாகப் போனது 10,000 கோடி டாலரிலிருந்து 13,500 கோடி டாலர் வரை இருக்கலாம் என்று அமெரிக்கத் தணிக்கை அமைப்பு 2023-ல் மதிப்பிட்டது. இவ்வளவு போனால் எந்த அரசாங்கமும் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்கும். ஆனால் திருடன் பொய் விலாசம் கொடுத்திருப்பான். கடிதம் அவனுக்குப் போய்ச் சேராது. நிஜ விலாசம் கொடுத்தவனுக்குத்தான் கடிதம் சரியாக வந்து சேரும்!

அப்பீல் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். 'கணக்கு தப்பு' என்று ஒரு பகுதி, 'மோசடி இல்லை' என்று ஒரு பகுதி. இணைப்பு ஒன்று, வேலை நீக்கக் கடிதம். இரண்டு, கடைசி வேலை நாள் ஏப்ரல் 17, மே மாதம் கொடுத்தது விடுப்புச் சம்பளம் என்று பழைய கம்பெனியின் சம்பளப் பிரிவு தேதியோடு கொடுத்த கடிதம். மூன்று, சம்பளச் சீட்டுகள். நான்கு, 2020 ஏப்ரலில் நான் போட்ட விண்ணப்பத்தின் பிரதி, விடுப்புச் சம்பளம் வரும் என்று எழுதிய இடத்தில் அடிக்கோடு. தபாலில் பதிவு செய்து ஒன்று, ஆன்லைனில் ஒன்று, ஃபாக்ஸில் ஒன்று. (ஆமாம், அமெரிக்க அரசாங்கத்தில் ஃபாக்ஸ் இன்னும் உயிரோடு இருக்கிறது.)

2022 ஜனவரியில் விசாரணை. ஃபோனிலேயே. ஒரு பெண் நீதிபதி, ஆபீஸ் தரப்பில் ஒருவர், நான். உண்மையே சொல்வதாக என்னிடம் பிரமாணம் வாங்கிக்கொண்டு நீதிபதி கேட்டார்.

"ஜூன் முதல் வாரத்தில் எங்கே வேலை செய்தீர்கள்?"

"எங்கும் இல்லை."

ஆபீஸ்காரரிடம் கேட்டார். "அந்த வாரத்தில் இவர் வேலை செய்தார் என்பதற்கு உங்களிடம் என்ன இருக்கிறது?"

"சிஸ்டத்தில் அப்படிக் காட்டுகிறது."

"சிஸ்டத்துக்கு யார் சொன்னது?"

சற்று நேரம் கம்பியில் கொர்ர்ர் என்ற சத்தம் மட்டும்.

மொத்தம் இருபத்தைந்து நிமிஷம். மூன்று வாரத்தில் தீர்ப்பு வந்தது. அதிகப்படித் தொகை என்று எதுவும் இல்லை. மோசடி இல்லை. அபராதம் ரத்து. வருத்தம் தெரிவித்து ஒரு வரியும் இல்லை. தேவைப்படவும் இல்லை. அப்பா அதை வாட்ஸப்பில் வாங்கிப் படித்துவிட்டு, "நகல் ரெண்டு எடுத்து வெச்சுக்கோ" என்று மட்டும் சொன்னார்.

என்னோடு வேலை இழந்த இரண்டு பேருக்கும் இதே கடிதம் வந்தது. அதே கம்பெனி, அதே காலாண்டு, அதே வகுத்தல். ஒருவர் கவரைப் பிரிக்கவே இல்லை. 'வேலைதான் கிடைச்சாச்சே, இனிமே அவங்களோட நமக்கென்ன' என்று இழுப்பறையில் போட்டுவிட்டார். அடுத்த வருஷம் வருமான வரி ரீஃபண்டை எதிர்பார்த்துக்கொண்டிருந்தபோது, அதை அப்படியே கடனில் வரவு வைத்துவிட்டார்கள். மோசடிக் கடனை மத்திய அரசின் ரீஃபண்டிலேயே பிடிக்க மாநிலங்களுக்கு வழி இருக்கிறது. அதற்குப்பின் ஓடியாடி, கெடு தாண்டியதற்குக் காரணம் சொல்லவே அவருக்கு எட்டு மாசம் ஆயிற்று.

இன்னொருவர் நம்மவர். கும்பகோணத்துப் பக்கம். அவர் கவரைப் பிரித்தார், படித்தார், வியர்த்தார். 'ஃப்ராடு' என்ற வார்த்தையைப் பெண்டாட்டி பார்ப்பதற்குள் முழுப் பணத்தையும் கட்டிவிட்டார். ஊரில் மனை வாங்க வைத்திருந்த பணம். "மானம் போயிருந்தா வாங்க முடியுமா? காசுதானே?" என்றார். வாஸ்தவம்தான். ஆனால் கட்டியதால் அந்த வார்த்தை அழியவில்லை. பணம் போய்விட்டது, பதிவேட்டில் வார்த்தை அப்படியே உட்கார்ந்திருக்கிறது. மூவரிலும் யோக்கியர் என்று கேட்டால் நான் அவரைத்தான் காட்டுவேன். மூவரிலும் அதிகம் இழந்ததும் அவர்தான்.

வேலை போவது யாருக்கும் நடக்கும். அதற்குமேல் இப்படி ஒரு கடிதம் வருவது, போன வேலைக்கு நடத்துகிற திவசம் மாதிரி. அது வந்தால், எந்த ஊர் அரசாங்கமாக இருந்தாலும், தொகையைப் பார்த்து மலைக்காதீர்கள். கடைசித் தேதியைத் தேடுங்கள். 'அதிகமாகப் போய்விட்டது' என்று சொல்கிறார்களா, 'நீ ஏமாற்றினாய்' என்று சொல்கிறார்களா என்று பிரித்துப் படியுங்கள். எந்த வாரம், எந்தக் கணக்கு என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் எதை எதால் வகுத்தது என்று பாருங்கள். கட்ட வேண்டியது நிஜமாகவே இருந்தால் தவணை கேட்டுக் கட்டுங்கள், தள்ளுபடிக்கு வழி இருந்தால் கேளுங்கள். ஆனால் செய்யாத மோசடியை மட்டும் வாய்மூடி ஒப்புக்கொள்ளாதீர்கள்.

2023-ல் குடியுரிமை விண்ணப்பம் போட்டேன். அந்தப் பொய்த் தகவல் கேள்வி வந்தது. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

கும்பகோணத்து நண்பர் அந்தக் கேள்வியில் இன்னும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.